விசுவாசமா, நற்செயலா? 500 ஆண்டு வழக்கும் நம் வீட்டு விவாதமும்

தாயாரின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு மூத்தவர் ஆயத்தஞ் செய்கிறார். இளையவரோ சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு சபையில் இணைந்துகொண்டவர். "இரட்சிப்பு விசுவாசத்தினால் மாத்திரமே, பூசையும் தருமமும் செய்து அதனைச் சம்பாதிக்க முடியாது" என்று கூறி அவர் வர மறுக்கிறார். "அப்படியென்றால் அம்மா வாழ்நாள் முழுவதும் ஏழைகளுக்குச் செய்தவையெல்லாம் வீணா?" என்று மூத்தவர் கேட்கிறார். ஒரே முற்றத்தில் வளர்ந்து, ஒரே செபமாலையைச் சொல்லிப் பழகிய இருவரும் அதன்பின் மாதக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை.

இது யாரோ ஒரு குடும்பத்தின் கதையன்று. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தலைநகரிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்று இதுவே நிலை. "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று வாசற்படியில் நின்று ஒருவர் வினவும்போது நம்மவர் தடுமாறுகின்றனர். "நாங்கள் ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை, இயன்ற நன்மையைச் செய்கிறோம், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதே பெரும்பாலும் நமது மறுமொழி. அம்மறுமொழி, கேட்டவர் நம்மீது சுமத்தும் குற்றச்சாட்டை நாமே ஒப்புக்கொண்டதாக முடிகிறது. கத்தோலிக்கர் தம் செயல்களை விலையாகக் கொடுத்து விண்ணகத்தை வாங்க முயல்பவர்கள் என்பதே அக்குற்றச்சாட்டு.

உண்மையில் திருச்சபை அவ்வாறு கற்பிக்கின்றதா? இக்கேள்விக்கு விடை தேடும்போது, நம்மில் பலர் அறியாத ஒரு வரலாற்றைச் சந்திக்கின்றோம்.

வழக்கு தொடங்கிய விதம்

1517 ஒக்டோபர் 31ஆந் திகதியன்று ஜேர்மனியின் விற்றன்பேர்க் நகரில், அகுஸ்தீன் சபைத் துறவியும் மறைநூற் பேராசிரியருமான மார்ட்டின் லூதர் தமது 95 ஆய்வுரைகளை வெளியிட்டார். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டியெழுப்புவதற்கான நிதி திரட்டலோடு ஞானப்பலன்களின் விநியோகம் அக்காலத்தில் பின்னிப் பிணைந்திருந்தது. காசு கொடுத்தால் பாவத்துக்குரிய தண்டனை நீங்கும் என்ற எண்ணம் எளிய மக்களிடையே வேரூன்றியிருந்தது. இந்த முறைகேடு மெய்யானதே. பணந்திரட்டிய முகவர்களின் பதவியை 1562இல் திரிதெந்தின் பொதுச்சங்கமே ஒழித்துவிட்டது என்பது அதற்குச் சான்று.

ஆயினும் லூதரின் உள்ளத்தை வாட்டிய கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. தூயவராகிய இறைவன் முன்னிலையில் பாவியாகிய நான் எவ்வாறு நிற்க முடியும் என்பதே அவரது ஏக்கமாயிருந்தது. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அவர் விடை கண்டார். மனிதன் தன் முயற்சியால் அன்று, விசுவாசத்தினாலேயே இறைவனுக்கு ஏற்புடையவனாகிறான் என்பது அவ்விடை. தமது ஜேர்மன் மொழிபெயர்ப்பில், உரோமையர் 3:28இல் "மட்டும்" என்னும் பொருள்தரும் சொல்லையும் அவர் சேர்த்துக்கொண்டார். விசுவாசத்தோடு அந்த "மட்டும்" சேர்ந்துவரும் ஒரே மறைநூல் இடம் யாக்கோபு 2:24 என்பது கவனிக்கத்தக்கது. அங்கோ அது மறுக்கப்படுவதற்காகவே வருகின்றது.

இதற்குத் திருச்சபை தந்த பதிலைப் பலர் பிழையாகவே நினைவிற் கொண்டுள்ளனர். லூதர் விசுவாசத்தின் பக்கம் நின்றார், திருச்சபை செயலின் பக்கம் நின்றது என்பதே பொதுவான எண்ணம். 1547 ஜனவரி 13ஆந் திகதி திரிதெந்தின் சங்கம் தனது ஆறாம் அமர்வில் வெளியிட்ட ஏடு 16 அதிகாரங்களையும் 33 கண்டனச் சட்டங்களையும் கொண்டது. அவற்றுள் முதலாவது சட்டம் யாரைக் கண்டிக்கின்றது? கிறிஸ்து இயேசுவின் வழியாக வரும் இறையருள் இன்றி, மனிதன் தன் சொந்தச் செயல்களாலேயே இறைவனுக்கு ஏற்புடையவனாகலாம் என்று சொல்பவரையே அது கண்டிக்கின்றது. நமது விசுவாசமோ செயலோ எதுவாயினும், அந்த முதல் அருளைப் பெறும் உரிமையை நமக்கு ஈட்டித் தருவதில்லை என்று எட்டாம் அதிகாரம் தெளிவுபடுத்துகின்றது. இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, 529இல் ஒறேஞ்சு நகரிற் கூடிய சங்கமும், இறைவனை நோக்கி நாம் எடுத்துவைக்கும் முதல் அடிகூட அவரது அருளால் நிகழ்வதே என்று கற்பித்திருந்தது.

ஆகவே, செயல்களால் மீட்பை விலைக்கு வாங்கலாம் என்பது கத்தோலிக்க விசுவாசமன்று. அது கத்தோலிக்கத் திருச்சபையே கண்டித்த தப்பறை.

ஒரே சொல், இரு பொருள்

அப்படியாயின் இரு தரப்பினரும் நூற்றாண்டுக்கணக்கில் போராடியது ஏன்? அரசியலும் பகைமையும் அதிற் பெரும் பங்கு வகித்தன. அவற்றோடு, இரு தரப்பினரும் ஒரே சொல்லை வேறுவேறு பொருளிற் கையாண்டனர். லூதர் "விசுவாசம்" என்றபோது, தன்னை முழுவதுமாக இறைவனிடம் ஒப்படைத்து அவரைப் பற்றிக்கொள்ளும் நிலையைக் கருதினார். கத்தோலிக்க இறையியலாளர் "விசுவாசம்" என்றபோது, வெளிப்படுத்தப்பட்ட உண்மையை மனம் ஏற்றுக்கொள்வதைக் கருதினர். அது நம்பிக்கையாலும் அன்பாலும் நிறைவு பெற வேண்டுமென்றனர். வெறும் மன ஏற்பு மட்டும் போதாது, பேய்களும் அதனைக் கொண்டிருக்கின்றன என்று புனித யாக்கோபு சொல்லவில்லையா? (யாக்கோபு 2:19)

நம் தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. நாம் "மீட்பு" என்பதை அவர்கள் "இரட்சிப்பு" என்கின்றனர். நாம் "அருள்" என்பதை அவர்கள் "கிருபை" என்கின்றனர். நமது விவிலியம் "கடவுளுக்கு ஏற்புடையவராதல்" என்று குறிப்பது அவர்களது வேதாகமத்தில் "நீதிமானாக்கப்படுதல்" என வருகின்றது. சொற்கள் வேறுபடுவதால் பொருளும் முற்றாக வேறுபட்டதென்றே இரு சாராரும் எண்ணிக்கொள்கின்றனர்.

அவுக்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்தது

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் கத்தோலிக்க, லூத்தரன் இறையியலாளர்கள் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒன்றாக அமர்ந்து இந்த வழக்கை மீளாய்வு செய்தனர். அதன் கனியாக 1999 ஒக்டோபர் 31ஆந் திகதி, ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில், ஏற்புடைமைக் கோட்பாடு பற்றிய கூட்டுப் பிரகடனம் கைச்சாத்திடப்பட்டது. திருச்சபையின் சார்பில் கர்தினால் எட்வேர்ட் கசிடியும், உலக லூத்தரன் சம்மேளனத்தின் சார்பில் அதன் தலைவர் ஆயர் கிறிஸ்தியன் கிறவுசவும் முதன்மையாக ஒப்பமிட்டனர்.

44 பந்திகளைக் கொண்ட அப்பிரகடனத்தின் இதயம் 15ஆம் பந்தியில் உள்ளது. நமது தகுதி எதனையும் முன்னிட்டன்று, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் நாம் கொள்ளும் விசுவாசத்தில், இறைவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அவ்வேளையில் நாம் பெறும் தூய ஆவியார் நம் உள்ளங்களைப் புதுப்பித்து, நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்கி அழைக்கிறார் என்றும் இரு தரப்பினரும் ஒரே குரலில் அங்கு அறிக்கையிடுகின்றனர். நற்செயல்கள் ஏற்புடைமையைத் தொடர்ந்து வருபவை, அதன் கனிகள் என்று 37ஆம் பந்தி கூறுகின்றது. இவ்வாறு இப்பிரகடனத்தில் விளக்கப்பட்டுள்ள போதனையை 16ஆம் நூற்றாண்டில் இரு தரப்பினரும் ஒருவர்மீதொருவர் விதித்த கண்டனங்கள் தாக்குவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர்.

காலப்போக்கில் ஏனைய திருச்சபைகளும் இதனை அணுகி வந்தன. 2006இல் உலக மெதடிஸ்த பேரவை தென்கொரியாவின் சியோல் நகரில் இணைந்துகொண்டது. 2016இல் அங்கிலிக்கன் ஆலோசனைப் பேரவை பிரகடனத்தின் சாரத்தை வரவேற்றது. 2017 ஜூலை 5ஆந் திகதி, சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியம் லூதரின் நகராகிய விற்றன்பேர்க்கிலேயே ஒப்பமிட்டது.

இதனை மிகைப்படுத்திக் கூறவும் கூடாது. 1998இல் ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து இறையியற் பேராசிரியர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இம்முயற்சியை எதிர்த்தனர். நற்கருணை, குருத்துவம், திருச்சபை அதிகாரம், இறந்தோருக்கான மன்றாட்டு ஆகியவற்றில் வேறுபாடுகள் இன்னும் உள்ளன. இன்று நமது கிராமங்களில் இயங்கும் பெந்தகொஸ்து சபைகளும் சுயாதீன சபைகளும் இதில் ஒப்பமிட்டவையல்ல. எனினும் ஐரோப்பாவைப் பிளந்த மூலக் கேள்வியில் அடிப்படை உடன்பாடு எட்டப்பட்டிருக்கும்போது, அதே கேள்விக்காக நம் வீட்டு முற்றத்தில் உடன்பிறப்புக்கள் முகந்திருப்பிக்கொள்வது துயரமானது.

பவுலும் யாக்கோபும்

மறைநூலிலேயே முரண்பாடு உள்ளதே என்று சிலர் கேட்கலாம். இருவருமே ஆபிரகாமைச் சான்றாகக் காட்டுகின்றனர். புனித பவுல் உரோமையர் 4ஆம் அதிகாரத்தில், விண்மீன்களைப் போலச் சந்ததி பெருகும் என்ற வாக்கை ஆபிரகாம் நம்பிய வேளையை, அதாவது தொடக்கநூல் 15ஆம் அதிகாரத்தை எடுத்துரைக்கிறார். புனித யாக்கோபோ, ஈசாக்கைப் பலியிடச் சித்தமான வேளையை, அதாவது 22ஆம் அதிகாரத்தை எடுத்துரைக்கிறார். முன்னது பயணத்தின் தொடக்கம், பின்னது அப்பயணத்தின் முதிர்ச்சி. பயணித்தவர் ஒருவரே.

இருவரும் பேசிய மக்களும் வேறானவர்கள். விருத்தசேதனம் முதலிய சட்டங்களைக் கடைப்பிடிப்பதால் இறைவனிடம் உரிமை கோரியவர்களை நோக்கிப் பவுல் எழுதினார். உடையும் உணவுமின்றி வந்த சகோதரனை ஆசிகூறி வெறுங்கையோடு அனுப்பியவர்களை நோக்கி யாக்கோபு எழுதினார். கலாத்தியர் 5:6இல், பயன்தருவது அன்பின் வழியாகச் செயற்படும் விசுவாசமே என்று பவுலே கற்பிக்கிறார். 2008 நவம்பர் 19ஆந் திகதி பொது மறைபோதகத்தில் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் இதனையே விளக்கினார். விசுவாசம் அன்புக்கு எதிராக நிறுத்தப்படாத வரையில், லூதரின் "விசுவாசத்தால் மட்டும்" என்ற கூற்று உண்மையானதே என்று அவர் சொன்னார்.

சக்கேயுவின் வீட்டை நினைத்துப் பாருங்கள் (லூக்கா 19:1-10). அவன் ஏழைகளுக்குப் பாதிச் சொத்தைக் கொடுத்ததனால் ஆண்டவர் அவன் வீட்டுக்கு வந்தாரா? இல்லை. மரத்தில் ஏறி நின்ற பாவியின் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்குவதாக ஆண்டவரே முதலில் அறிவித்தார். அருள் முந்திக்கொண்டது. ஆனால் அந்த அருள் உள்ளே நுழைந்தபின் சக்கேயுவின் பணப்பெட்டி மூடிக் கிடக்கவில்லை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்கோ நற்செயல் செய்ய நேரமே இருக்கவில்லை. அவனுக்கும் பேரின்ப வீடு திறந்தது. காலம் கிடைக்காதவனிடம் இறைவன் கனியைக் கேட்கவில்லை. காலம் கிடைத்த நம்மிடம் கேட்கிறார்.

நம் மண்ணின் சான்று

இலங்கையில் இந்த வழக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமது சீர்திருத்தச் சபையை நிலைநாட்டி, கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். உத்தியோகமும் உரிமையும் அச்சபையின் பதிவேட்டில் பெயர் இருப்பதோடு பிணைக்கப்பட்டன. அவர்களது ஆட்சி நீங்கியபின், பதிவேட்டிலிருந்த பெருந்தொகையினர் அச்சபையை விட்டு அகன்றனர். பெயரளவான விசுவாசம் எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதற்கு இது சான்று. அவர்கள் மட்டுமல்லர், ஆட்சியதிகாரம் நம்மவர் கையில் இருந்த இடங்களில் நமது வரலாற்றிலும் கறைகள் உண்டு.

அந்தத் தடைக்காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார் யோசேவ் வாஸ் அடிகளார். மறைந்திருந்து பணியாற்றிய அவர் பின்னர் கண்டி இராச்சியத்திற்குச் சென்றபோது ஒற்றன் என்ற ஐயத்தில் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. வசதியுள்ளோர் நகரை விட்டு ஓடினர். கைவிடப்பட்ட நோயாளர்களைச் சமயம் பாராது தேடிச்சென்று உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார் அடிகளார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் பேராதரவு அதன்பின் அவரது பணிக்குக் கிடைத்தது.

அவர் மீட்பைச் சம்பாதிப்பதற்காகவா பெரியம்மைக் குடிசைக்குள் நுழைந்தார்? அவ்வாறெனில், உயிரைப் பணயம் வைக்காத இலகுவான வழிகள் பல இருந்தன. தாம் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட அன்பு அவரை அங்கு கொண்டு சென்றது. 2015 ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தியபோது, நம் கண்முன் நிறுத்தப்பட்டது அவரது விசுவாசத்தின் இந்தக் கனியே.

இரு பக்கத்துத் தவறுகள்

2018இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் மீட்பைப் பற்றி வெளியிட்ட மடல் இக்காலத்தின் இரு பிறழ்வுகளைச் சுட்டியது. தன் சொந்தப் பலத்தால் தன்னையே மீட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவது ஒன்று. மீட்பு என் உள்ளத்துக்குள் மட்டும் நடந்து முடியும் ஒன்று, அயலவனோடு அதற்குத் தொடர்பில்லை என்று எண்ணுவது மற்றொன்று.

முதலாவது நம் பக்கத்துத் தவறு. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் இத்தனை மெழுகுதிரி, வெளிநாட்டு விசா கிடைத்தால் இத்தனை ஆயிரம் என்று இறைவனோடு ஒப்பந்தம் எழுதுகின்றோம். நேர்த்திக்கடன் நன்றியாக இருக்கும்போது அது செபம். கட்டணமாக மாறும்போது அது வியாபாரம். ஆலய முகப்புக்குப் பணங்கொடுத்தவரின் பெயர் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகிறது. அதே பங்கில் ஒரு விதவையின் கூரை மழைக்கு ஒழுகுவது எவர் கண்ணிலும் படுவதில்லை. வாரத்தில் இருமுறை நோன்பிருந்து பத்திலொரு பங்கு கொடுத்த பரிசேயனின் கணக்கேடு பிழையற்றது. ஆயினும் ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் அவனல்லன் (லூக்கா 18:9-14).

இரண்டாவது தவறு, மீட்பு உறுதியாகிவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு, பெற்ற தாயையும் அயலவரையும் அழிவுக்குரியவர்கள் என்று தீர்ப்பிடுவது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்வையின் அரசர் கேட்கும் கேள்வி பசித்தவனையும் அந்நியனையும் சிறையிலிருந்தவனையும் பற்றியது. அங்கே வலப்பக்கம் நிற்போர் தாம் செய்த நன்மையை அறியாதவர்களாய் வியப்போடு நிற்கின்றனர். கணக்கு வைத்துச் செய்திருந்தால் அவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

2025 ஒக்டோபர் 4ஆந் திகதி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாளன்று, பாப்பரசர் 14ஆம் லியோ ஒப்பமிட்ட முதலாவது திருத்தூது ஊக்கவுரை ஏழைகள் மீதான அன்பைப் பற்றியது. பாப்பரசர் பிரான்சிஸ் தமது இறுதி மாதங்களில் தொடங்கியிருந்த பணியை அவர் நிறைவு செய்தார். ஏழையின் மீதான அன்பு, விரும்பியவர் சேர்த்துக்கொள்ளும் உபரியான பக்தியன்று, அது விசுவாசத்தின் இதயத்தையே சேர்ந்தது என்பது அதன் செய்தி. அடுத்த மாத இறுதியிலேயே டித்வா சூறாவளி நம் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அந்நாட்களில் சமைத்த உணவோடு வெள்ளத்தைக் கடந்து சென்றவர்களிடம், நீங்கள் எந்தச் சபை என்று பசித்தவர் கேட்கவில்லை.

மீண்டும் அந்த முற்றத்திற்கு

தொடக்கத்தில் நாம் கண்ட சகோதரர் இருவரிடமும் ஒவ்வோர் உண்மை உண்டு. மீட்பைச் சம்பாதிக்க முடியாது என்கிறார் இளையவர். திரிதெந்தின் சங்கமும் அதனையே கூறுகின்றது. அம்மாவின் தருமம் வீணல்ல என்கிறார் மூத்தவர்; யாக்கோபும் அதனையே கூறுகிறார். அம்மா பசித்தவருக்குக் கொடுத்த ஒவ்வொரு பிடி சோறும் விண்ணகத்துக்குச் செலுத்திய கட்டணமன்று. அவருள் வாழ்ந்த கிறிஸ்து அவருடைய கையினால் கொடுத்தது அது. நமது பேறுபலன்களுக்கு இறைவன் முடிசூட்டும்போது தமது கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று புனித அகுஸ்தீன் கற்பித்தது இதனையே. அவருக்காக நாம் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியும் விலையன்று. விலையைக் கிறிஸ்து ஏற்கெனவே செலுத்திவிட்டார். நேசித்த ஒருவரை அவர் கையில் ஒப்படைக்கும் அன்பின் மன்றாட்டு அது.

2016 ஒக்டோபர் 31ஆந் திகதி சுவீடனின் லுண்ட் பேராலயத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் லூத்தரன் தலைவர்களோடு இணைந்து செபித்தார். அதே நாளில் அருகிலுள்ள மல்மோ நகரில், அகில உலக கரித்தாஸ் நிறுவனமும் லூத்தரன் சம்மேளனத்தின் உலக சேவைப் பிரிவும் ஏழைகளுக்காகச் சேர்ந்து உழைப்பதென உடன்பாடு செய்துகொண்டன. ஒரே பலிபீடத்தை அணுக இன்னும் இயலாதவர்கள், ஒரே அகதி முகாமில் சேர்ந்து பணியாற்றலாம் எனக் கண்டனர்.

நம் குடும்பங்களும் அங்கிருந்து தொடங்கலாம். நினைவு நாளில் இளையவர் திருப்பலிக்கு வராமல் இருக்கலாம். அதற்காக அவரை வையாதிருப்போம். திருப்பலி முடிந்தபின் அம்மாவின் பெயரால் முதியோர் இல்லத்துக்கு மதிய உணவு கொண்டுசெல்லும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அந்தச் சோற்றுப் பானையின் மறு காதைப் பிடிக்க வருமாறு மூத்தவர் தம்பியை அழைக்கட்டும். அவர் மறுக்கமாட்டார். இருவரும் சேர்ந்து சுமக்கும் அந்தப் பானைக்குள்ளே விசுவாசமும் இருக்கும், நற்செயலும் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க எந்த இறையியலாளராலும் இயலாது.